யாரைக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு சட்டத்தின் இரண்டு பிரிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு குறை நிறை பேசுவது இயற்பியல் கற்பிப்பவருக்கு உரிய வேலையா என்று வாசகர் கேட்கக்கூடும். அவ்விரு பிரிவுகளும் எண்ணிக்கையைப் பற்றியும், ஓர் அமைப்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றியும் பேசுகின்றன. எண்ணிக்கையும் இணைப்பும் நாங்கள் நாள்தோறும் வகுப்பில் கையாளும் பொருள்களே. ஆகவே எனக்கும் இதில் சிறிது உரிமை உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் உரிமைகளைப் பற்றி அச்சட்டம் சொல்வனவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை பெரும்பாலும் வரவேற்கத்தக்கவை. நான் பேச விரும்புவது 31, 32 ஆகிய பிரிவுகளைப் பற்றி. மனநலப் பணிக்கு ஆட்களைத் தேடித் தருவது 31ஆம் பிரிவு. உயர்கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து அரசு பயிற்சித் திட்டங்களை வகுக்க வேண்டும். குறைந்த அளவாக, அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல மருத்துவத்தில் பயிற்சி தர வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையைச் சட்டம் தொடங்கிய 10 ஆண்டுகளுக்குள் எட்ட முயல வேண்டும் என்று அது கூறுகிறது. சுகாதாரம், சட்டம், உள்துறை, கல்வி, சமூகநீதி, வேலைவாய்ப்பு முதலிய துறைகள் தங்களுக்குள் ஒத்திசைந்து செயற்பட அரசு ஆவன செய்ய வேண்டும் என்பது 32ஆம் பிரிவு. பத்தாண்டுக் கெடு 2028 மே திங்களில் முடிகிறது.

முதற்குறை வாசகத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கையை எட்ட அரசு “முயற்சி செய்யும்” என்றுதான் சட்டம் சொல்கிறது. எட்ட வேண்டிய எண் எது என்று சொல்லவில்லை. உலக அளவில் ஏற்கப்பட்ட நெறிமுறைகள் என்று பொதுப்படச் சொல்லிவிட்டு, யாருடைய நெறிமுறை என்பதையும் விட்டுவிட்டது. தொலைவைக் குறிப்பிடாமல் காலத்தை மட்டும் கொடுத்து விரைவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போகட்டும், எண்ணை நாமே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் ஆகிய நம் பகுதிகள் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 25.56 லட்சம் பேர். இன்று இன்னும் மிகுதியாக இருப்பர். அவர்களுள் 70 விழுக்காட்டினர் வயது வந்தோர் எனக் கொண்டால் 17.9 லட்சம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு மனநலக் குறைபாடு இருந்தது. இந்த விகிதத்தை நம் மாவட்டத்துக்குப் பொருத்தினால் 1.9 லட்சம் பேர் வருகின்றனர். இந்தியாவில் 1 லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் உளர் என்பது பலமுறை எடுத்தாளப்படும் மதிப்பீடு. அந்தக் கணக்கில் நம் மாவட்டத்துக்கு 19 பேர். ஒருவருக்கு 10,000 நோயாளிகள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 4 முறை மட்டும் வந்தாலும், 300 வேலை நாட்களில் நாளொன்றுக்கு 133 பேரைப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் எழாமல் உட்கார்ந்து பார்த்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது மூன்றரை நிமிடம்.

1 லட்சத்துக்கு 3 பேர் வேண்டும் என்பது அடிக்கடி சொல்லப்படும் இலக்கு. அதை எட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 19 என்பது 77 ஆகும். ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ பதினான்கரை நிமிடம். மருத்துவர்களை நான்கு மடங்காக்கிய பின்பும், ஒரு மனிதர் தன் துன்பத்தைச் சொல்லத் தொடங்கும்போதே அடுத்தவரை அழைக்க மணி அடித்துவிடும். (எல்லோரும் மருத்துவரை நாடி வருவதில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. அந்த ஆய்வே, சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகச் சொல்கிறது. அவர்களை வரவழைப்பதற்காகத்தானே இத்தனை பாடும்?)

ஆக, மனநல மருத்துவர்களை மட்டும் பெருக்கி இக்கணக்கைத் தீர்க்க இயலாது. பிறருக்கும் பயிற்சி தர வேண்டும். இதில் கருத்து வேறுபாடு யாருக்கும் இல்லை. எத்தகைய பயிற்சி, யாருக்கு, அதன் பிறகு என்ன என்பதில்தான் நம் நாடு நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றி வருகிறது.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் ஏற்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, மனநோயாளிகளை ஊரளவிலேயே கவனிக்க முடியும் என்று காட்டினர். அதன் அடிப்படையில் 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று நம் திருச்சி. தமிழ்நாடு பின்னர் இத்திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது, இது பாராட்டுக்குரியது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்ட கொடுமைக்குப் பிறகு அரசும் நீதிமன்றமும் காட்டிய அக்கறையும் இதற்குத் துணை செய்தது.

ஆனால் பெல்லாரியில் நடந்தது என்ன? பயிற்சி பெற்ற மருத்துவரைத் தேடி நிபுணர் குழுவினர் மீண்டும் மீண்டும் ஊருக்குச் சென்றனர், ஐயங்களைத் தீர்த்தனர், பதிவேடுகளைப் பார்த்தனர், மருந்து தீராமல் கவனித்துக்கொண்டனர். திட்டம் நாடெங்கும் பரவியபோது பயிற்சி வகுப்பு பரவியது. இந்தத் தொடர் கவனிப்பு அதே அளவில் பரவவில்லை. வகுப்பு நடத்துவது எளிது. ஒரு மண்டபம், ஒரு படவீழ்த்தி, ஒரு வருகைப் பதிவேடு இருந்தால் போதும். ஆண்டறிக்கையில் “இத்தனை பேர் பயிற்சி பெற்றனர்” என்று எழுதிவிடலாம். பயிற்சி பெற்ற மருத்துவர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போவார். போகாவிட்டாலும், காய்ச்சலும் பிரசவமும் சர்க்கரை நோயும் வரிசையில் நிற்கும் வெளிநோயாளிப் பிரிவில், படித்ததைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவார். கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுட்காலம் இருப்பது போலப் பயன்படுத்தாத பயிற்சிக்கும் ஒன்று உண்டு. ஆண்டறிக்கையோ, தொடக்கத்தில் இருந்த அணுக்களின் எண்ணிக்கையையே இன்றைய எண்ணிக்கையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கும் இப்பயிற்சி உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தற்கொலையால் இறந்தோர் நாடு முழுவதும் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர் 13,044 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 மரணங்கள்; மாநிலங்களுள் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இதை அரசு அறியாமலில்லை. 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி மனநல உதவி 2022 அக்டோபரில் தொடங்கியது. கல்லூரிகளுக்கான மனநல நல்லாதரவு மன்றம், சுருக்கமாக ‘மனம்’, அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிகள். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் நிற்கும் கல்லூரிகளில் ஒன்றில் நடந்த ஓர் அரைநாள் பயிற்சியில் நானும் அமர்ந்திருந்தேன். மனச்சோர்வின் அறிகுறிகள் எவை என்று திரையில் காட்டினார்கள். தேநீர் தந்தார்கள். சான்றிதழும் தந்தார்கள். அறிகுறி உள்ள மாணவரை நாளை காலை யாரிடம் அழைத்துச் செல்வது, அழைத்துச் சென்ற பிறகு அவர் வகுப்புக்குத் திரும்பினால் நாங்கள் எப்படி நடந்துகொள்வது, எங்களுக்கே ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று முன்வரிசை ஆசிரியை ஒருவர் கேட்டார். நேரமாகிவிட்டது என்றார்கள்.

அவர் கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை தேடுவதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உடையவர்களைச் சமூகத்திலேயே வைத்துக் கவனிப்பது பற்றிய இந்த ஆய்வு காஞ்சிபுரம், கோவா, மகாராட்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் நடந்தது. நம் பகுதிப் பணியை நடத்தியது சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் அதை 1984இல் நிறுவினார். 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அச்சிகிச்சையுடன் வீடு தேடி வரும் பணியாளரின் துணையும் கிடைத்தது.

அந்தப் பணியாளர்கள் யார்? பள்ளிக் கல்வி முடித்த உள்ளூர்க்காரர்கள். ஏறத்தாழ ஆறு வாரப் பயிற்சி பெற்றவர்கள். நோயைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசுவது, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று பார்ப்பது, குளிப்பது, சமைப்பது, சந்தைக்குப் போய் வருவது போன்ற அன்றாடச் செயல்களில் நோயாளியை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டு வருவது, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவுவது ஆகியவை அவர்கள் வேலை. அவர்களுக்கு மேல் ஒரு மனநலச் சமூகப் பணியாளர். அவருக்கும் மேல் மருத்துவர். பணியாளர் திணறும்போது கேட்பதற்கு ஓர் ஆள் எப்போதும் இருந்தார். என் கல்லூரி ஆசிரியைக்கு இல்லாதது அதுதான்.

முடிவுகள் 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. அவற்றை மிகைப்படுத்தாமல் படிக்க வேண்டும். ஓராண்டு கழித்து, நோயின் அறிகுறிகள் வீட்டுத் துணை பெற்றோரிடம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால் இரு முறைகளுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தாலும் இத்தகைய இடைவெளி தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு 100க்கு 8. இதை உறுதியான சான்று என்று சொல்ல மாட்டோம். அன்றாட வாழ்வில் இயங்க இயலாமை என்ற அளவுகோலில் ஏற்பட்ட முன்னேற்றத்துக்கோ அந்த வாய்ப்பு 100க்கு 1 மட்டுமே. அதாவது, குரல்கள் கேட்பது முதலிய அறிகுறிகளில் பெரும் மாற்றத்தை அப்பணியாளர்கள் ஏற்படுத்திவிடவில்லை. அதை மருந்து செய்கிறது. மனிதர் எழுந்து நடமாடுவது, வேலை பார்ப்பது, பிறரோடு பழகுவது ஆகியவற்றில் மாற்றம் உண்டாக்கினார்கள். ஆய்வாளர்களே விளைவு மிதமானது என்றுதான் எழுதினர். நம் நாட்டில் ‘புரட்சி’ என்ற சொல் மலிவாகிவிட்ட காலத்தில் இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே பாடத்தைத் தாம்பரம் முன்பே ஒருமுறை கற்றிருக்க வேண்டும். ‘சானடோரியம்’ என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கியபோது, நல்ல காற்றும் ஓய்வும் நீண்ட காலப் படுக்கையுமே மருத்துவம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதியியல் மருத்துவ ஆய்வு நிலையம், சானடோரியத்தில் தங்கி மருந்து உட்கொண்டவர்களையும் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பயனைத் தந்தது என்ற முடிவு 1959இல் வெளியாகி உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றிற்று. படுக்கை தேவையில்லை என்பதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அந்த வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததையும், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று உறுதி செய்ததையும் பலர் மறந்துவிட்டார்கள்.

மீண்டும் சட்டத்துக்கு வருவோம். ‘மனநலப் பணியாளர்’ யார் என்பதற்கு அச்சட்டம் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. மனநல மருத்துவர், மாநில ஆணையத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர், இந்திய மருத்துவ முறைகளில் உரிய பட்டமேற்படிப்பு முடித்தோர். சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ படித்தவரும் இதில் அடக்கம். அப்படிப்பு நம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலேயே உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்ற பணியாளருக்கு இந்த இலக்கணத்தில் இடமில்லை. பயன் தருவதாகச் சோதித்து அறியப்பட்ட ஒருவகைப் பணியாளரை, 10 ஆண்டுக் கணக்கு முடியும்போது எண்ணவே முடியாது. பட்டம் இல்லாதவரை நிபுணர் என்று அழைக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்வது ஆபத்து. ஆனால் எண்ணப்படாதவருக்குப் பணியிடம் கிடைக்காது, ஊதியம் ஒதுக்கப்படாது, மேற்பார்வையாளர் நியமிக்கப்படமாட்டார். ஆய்வுக்கான நிதி தீர்ந்ததும் அவர் வேலையும் தீர்ந்துவிடும்.

32ஆம் பிரிவு இதைவிட மெலிந்தது. துறைகள் ஒத்திசைய வேண்டும் என்கிறது. ஒத்திசையாவிட்டால் யார் கேட்பது என்று சொல்லவில்லை. நிலைமை என்ன என்று பாருங்கள். மனநல மருத்துவரின் படிப்பை ஓர் ஆணையம் நெறிப்படுத்துகிறது; செவிலியரின் படிப்பை வேறோர் அமைப்பு. மருத்துவ உளவியலரின் படிப்பு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பொறுப்பு. அக்கவுன்சிலோ சுகாதார அமைச்சகத்தில் இல்லை, சமூகநீதி அமைச்சகத்தில் இருக்கிறது. உளவியல் ஆலோசகர்களையும் சமூகப் பணியாளர்களையும் ‘நடத்தை நல அறிவியல்’ என்ற பிரிவில் சேர்த்து 2021இல் இயற்றிய சட்டம் இன்னொரு தேசிய ஆணையத்தின் கீழ் வைத்தது. மாவட்ட மருத்துவமனையில் நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டியவர்கள். அவர்களை உருவாக்குபவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை.

குடிநோயை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. மதுவை விற்கும் டாஸ்மாக் நிறுவனம் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ் வருகிறது (பெயரை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்). மறுவாழ்வு மையங்கள் பலவற்றுக்கு நிதி வருவது சமூகநீதி அமைச்சகத்திலிருந்து. ஈரல் கெட்டபின் நோயாளி வந்து சேர்வது சுகாதாரத் துறையின் மருத்துவமனையில். திருவிழாச் சரவிளக்கு போன்ற தொடர் இணைப்பு இது. ஒரு விளக்கு அணைந்தால் சரம் முழுவதும் இருள்.

துறைகள் கைகோத்துச் செய்தவை இல்லாமலில்லை. தெருவில் அலையும் மனநோயாளிகளை மீட்டுக் காக்கும் அவசர மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு 2018 முதல் மாவட்ட அளவில் அமைத்து வருகிறது. ‘பான்யன்’ போன்ற தொண்டு நிறுவனத்தின் அனுபவம் அதற்கு உதவியது. எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு வேறொன்று. பள்ளி இறுதித் தேர்வில் தவறிய மாணவர்கள் ஓராண்டு வீணாகாமல் உடனே துணைத் தேர்வு எழுத வழி செய்ததே அது. தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பு இதை வலியுறுத்தி வந்தது. செய்தது கல்வித்துறை. அதற்காக யாருக்கும் மனநலப் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. தேர்வு அட்டவணையை மாற்றினார்கள். எந்தப் பயிற்சிப் பதிவேட்டிலும் ஏறாத மனநலப் பணி அது.

ஆகவே, 2028இல் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற எண்ணை அரசு நம் முன் வைக்கும்போது வாசகர்கள் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும் என்பேன். பயிற்சி பெற்றவருள் எத்தனை பேர் இன்றும் அந்த வேலையைப் பார்க்கிறார்கள்? திங்கள்தோறும் அவர்கள் வேலையை யார் பார்க்கிறார்கள்? அவர்கள் கவனிப்பில் எத்தனை நோயாளிகள் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்கிறார்கள்?

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிறு கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். தேசிய ஆய்வின்படி கடும் மனநோய் உடையவர்கள் வயது வந்தோரில் 0.8 விழுக்காடு. செங்கல்பட்டில் ஏறத்தாழ 14,300 பேர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சேத்துப்பட்டுக்குப் போய், அங்கிருந்து கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் குளச் சாலைக்குப் போவதற்கு (நம் மேடவாக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; வழி தவறியவர்களைக் கண்டிருக்கிறேன்) இவர்களுள் பலருக்குக் கூட ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆளின் ஒரு நாள் கூலி போய்விடும். வீடு தேடிப் போகும் பணியாளர் ஒருவருக்கு 30 நோயாளிகள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 477 பணியாளர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இரத்த அழுத்த மாத்திரையுடன் வாசற்படி ஏறும் தன்னார்வப் பெண்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர் என்பதால் இவர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இராது. 15 பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றால், மனநலச் சமூகப் பணியில் பட்டமேற்படிப்பு முடித்தவர் 32 பேர் தேவை. 77 மனநல மருத்துவர்களைத் தேடுவதைவிட 32 சமூகப் பணியாளர்களைத் தேடுவது எளிது. அந்த 32 பணியிடங்களை எந்தத் துறை தன் வரவு செலவுத் திட்டத்தில் எழுத வேண்டும் என்பதற்கு 32ஆம் பிரிவில் விடை இல்லை.